டெலிபோன் பக்கத்தில் ஒட்டிய தாள்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய் இல்லை. இதைப் படிக்கிற நீங்களும் இந்த வாரத்தில் ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருப்பீர்கள். சொன்னதை மறந்தும் இருப்பீர்கள். எனக்குத்தான் ஒன்பது வருடமாக மறக்கவில்லை. எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால், தொடக்கமே இரண்டு தடவை பல்லிளித்துவிட்டது.

முதல் தொடக்கம்: ‘1989, பிப்ரவரி. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில்—’

[நிறுத்திவிட்டேன். அந்தப் பிப்ரவரியில் மழையே இல்லை. ஆள் குழம்பியிருக்கிறாள் என்று காட்ட மழையைக் கூப்பிடுவது சோம்பேறித்தனம்.]

இரண்டாவது: ‘மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ இருபது அடி நீளம். அதன் மேற்பகுதியில்—’

[ஐந்தாம் படிவத்து உயிரியல் பாடம். அடித்துவிட்டேன். ஆனால் குடல் திரும்ப வரும், அது இல்லாமல் இந்தக் கதை நடக்காது.]

மூன்றாவது: ‘டாக்டர் வல்லிபுரத்திடம் ரமணி என்றொரு டைப்பிஸ்ட் வேலை பார்த்தாள்.’

இது நிற்கிறது. ரமணி நான்தான். ‘நான்’ என்று போட்டு இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தின் முடிவில் நான் ஒரு உத்தமியாக வந்து நின்றேன். கிழித்துப் போட்டேன். அதனால் ரமணி. இருபத்து நாலு வயது, நிமிடத்துக்கு அறுபது சொல் அடிப்பாள், தன்னை மகா கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இடையில் நான் அவளுக்குப் பரிந்து பேசினால் நீங்கள் நம்ப வேண்டாம்.

2

டாக்டர் வல்லிபுரம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்து வளர்ந்தது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா ரயில்வே கிராணி, அலுவலகக் குமாஸ்தா. சிரிக்க மாட்டார். கோபமும் படமாட்டார். அறுவைக்கூடத்தில் கத்தி கேட்கிற அதே குரலில்தான் தேநீரும் கேட்பார்.

அவர் செய்துகொண்டிருந்தது அப்போது ஊருக்குப் புதிதான ஓர் ஆப்பரேஷன். மிகவும் பருத்தவர்களின் இரைப்பையில் முட்டை அளவுக்கு மட்டும் ஒரு பையை ஒதுக்கி, குடலின் முற்பகுதியைத் தாண்டிக் கீழே கொண்டுபோய்த் தைப்பது. கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறையும். ஆள் இளைப்பார். இதுவரை யாருக்கும் குழப்பம் இல்லை.

குழப்பம் புஷ்பவல்லி அக்காவோடு வந்தது. கிள்ளானில் ஒரு பள்ளிக்கூட கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர். நூற்று இருபத்தெட்டு கிலோ, பதினாறு வருட இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். ஆப்பரேஷன் முடிந்த ஆறாம் நாள் அவருடைய ரத்தத்தில் சீனி சாதாரண அளவுக்கு வந்துவிட்டது. எடை பார்த்தால் இரண்டே கிலோதான் குறைந்திருந்தது. இளைத்ததால் நோய் போனது என்றால் முதலில் இளைக்க வேண்டாமா?

“உடம்பு இன்னும் இளைக்கேல்லை பிள்ளை, அதுக்குள்ள சீனி இறங்கிப்போச்சு,” என்றார் டாக்டர். ரமணி வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் அவர் தானாக வந்து அவள் மேசையருகே நின்றது அன்றுதான். “அப்ப விஷயம் கொழுப்பில இல்லை. குடல்லதான் என்னமோ கிடக்கு.”

இன்னொரு நாள், கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “என்ரை அம்மாவுக்கும் இதே வருத்தம். முதல்ல விரலை வெட்டினவை. பிறகு பாதம். பிறகு முழங்கால். ஒரு மனுசியைக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சம்.” அதற்குப் பிறகு வழக்கம்போலத் தேநீர் கேட்டார்.

[இந்த இடத்தில் டாக்டரைப் பற்றி ஒரு சந்தேகம் எழுதியிருந்தேன்: அவர் தேடியது உண்மையையா, அம்மாவின் காலையா என்று. எடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே இடத்தில் கிடக்கக் கூடாது என்று சட்டமா?]

3

ஆனால் யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. வயிற்றைத் தைத்துப் போட்டவர் சாப்பிடவா செய்வார்? பட்டினி கிடந்தால் யாருக்கும்தான் சீனி இறங்கும். குடலுக்கு எதற்கு மாலை மரியாதை?

அதற்காகத்தான் ஆராய்ச்சி. புஷ்பவல்லி அக்காவையும் சேர்த்து ஆப்பரேஷன் செய்துகொண்ட பதினோரு பேர், செய்யாத பதினோரு பேர். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே உணவுத் தாள்: காலையில் அரைக் கப் ஓட்ஸ் கஞ்சி, பகலில் கடைந்த பருப்பு நாலு கரண்டி, மாலையில் இவ்வளவு, இரவில் இவ்வளவு. மூன்று வாரம். இருவரும் ஒரே அளவு சாப்பிட்டு, ஆப்பரேஷன் செய்தவருக்கு மட்டும் சீனி இறங்கினால், காரணம் பட்டினி இல்லை என்று ஆகிவிடும்.

அவர்கள் தாளின்படி சாப்பிடுகிறார்களா என்று பார்க்கும் பொறுப்பு ரமணியுடையது. தினமும் பகல் இரண்டு மணிக்கு டெலிபோனை எடுப்பாள். படிவத்தில் நாலு கட்டம்: தேதி, பெயர், சீனி அளவு, ‘தாளில் உள்ளபடி சாப்பிட்டாரா’. நாலாவது கட்டம் அவள் பென்சிலுக்கு.

“புஷ்பவல்லிக்கா, சாப்பிட்டீங்களா?”

“ஆச்சும்மா. காலைல ஓட்ஸ் அரைக் கப்பு. மத்தியானம் கடைஞ்ச பருப்பு நாலு கரண்டி. நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்கா.”

மலாய் மாச்சிக் அம்மாவிடம் அவர் மொழியில் ‘சுடா மக்கான்?’, சாப்பிட்டாச்சா, என்பாள். ‘சுடா, சுடா’ என்று பதில் வரும். சீன அங்கிளும் அப்படியே. நாலாவது கட்டம் வரிசையாக, அழகாக நிறைந்தது. ஒரு நாள்கூட ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. கெட்டிக்காரிக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

[குறிப்பு: ‘சாப்பிட்டேன்கா’ என்று ரமணி சொன்ன அந்த நேரத்தில் அவளுடைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் இருந்தது. அவள் எப்போதும் மூன்று மணிக்குத்தான் சாப்பிடுவாள். இதை நான் இப்போதுதான் கவனிக்கிறேன்.]

முடிவு டாக்டர் நினைத்தபடியே வந்தது. ஆப்பரேஷன் செய்தவர்களில் ஒன்பது பேருக்குச் சீனி சட்டென்று இறங்கியது. செய்யாதவர்களில் ஒருவருக்குத்தான். அந்தத் துணிச்சலில்தான் டாக்டர் தங்கமணிக்குத் தேதி குறித்தார்.

தங்கமணி அக்கா சுங்கை வேயில் மின்னணுத் தொழிற்சாலைத் தொழிலாளி. முப்பத்தெட்டு வயது, இரண்டு பெண் பிள்ளைகள். இனிப்பு நீரால் இடது பாதத்தில் மூன்று மாதமாக ஆறாத புண். எடை எழுபத்து நாலு கிலோ. அவ்வளவுதான். பருத்தவர்களுக்கு அந்த ஆப்பரேஷன் ஆபத்து என்றால் பருமனும் ஆபத்து. ஒன்றுக்கு ஒன்று சரி. தங்கமணி பருத்தவர் இல்லை. நன்றாக இருந்த வயிற்றை அறுத்து, சீனிக்காக மட்டும், குடலை மாற்றித் தைக்கப் போகிறார்கள். அதற்கு டாக்டரிடம் இருந்த ஒரே ஆதாரம் ரமணியின் நாலாவது கட்டம். புதன்கிழமை ஆப்பரேஷன்.

4

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க ரமணி கிள்ளானுக்குப் போனாள். புஷ்பவல்லி அக்கா இருபது கிலோ இளைத்து, பழைய ரவிக்கை தொளதொளக்க, வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

உணவுத் தாளை ரமணி பார்த்தது அங்கேதான். அவள் டைப் அடித்த தாள். நாலு மூலையிலும் டேப் போட்டு, சுவரில் நேராக ஒட்டியிருந்தது. அடுப்பங்கரைச் சுவரில் இல்லை. கூடத்தில், டெலிபோன் பக்கத்தில்.

“ஏன்க்கா இத இங்க ஒட்டியிருக்கீங்க?”

“நீ போன் பண்ணுவியேம்மா. பாத்துப் படிக்க வேணாமா?”

ரமணி சிரித்தாள். பாதிச் சிரிப்பில் நிறுத்தினாள். “படிச்சீங்களா? அப்ப சாப்பிட்டது?”

“எங்கம்மா சாப்பிட்டேன்! மூணு வாரம் ரெண்டு வாய்க்கு மேல எதுவும் எறங்கல. வெந்நிதான். பருப்ப மோந்தாலே குமட்டும்.”

“சாப்பிட்டேன்னு சொன்னீங்களேக்கா.”

“நீ சாப்பிட்டீங்களான்னு கேட்டே.” அக்காவுக்கு இதில் என்ன புரியவில்லை என்றே புரியவில்லை. “பச்சப் புள்ள, தெனமும் அக்கறையா கேக்குற. சாப்பிடலன்னு எப்படிச் சொல்றது? அப்புறம் உனக்குச் சோறு எறங்குமா?”

[இங்கே ஒரு கட்டுரை எழுதிவைத்திருந்தேன், நாலு பத்தி. ஒரு பத்தி மட்டும் விட்டுவைக்கிறேன். இந்த நாட்டில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று மூன்று இனத்தாரும் எதிலும் சுலபமாக ஒத்துப்போவதில்லை. இதில் மட்டும் ஒரே வாக்கு. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன். இல்லை என்று சொன்னால் கேட்டவர் எழுந்து சோறு போட்டாக வேண்டும். டெலிபோன் வழியாகப் போட முடியாது. அந்தச் சங்கடத்தில் கேட்டவரை விடக் கூடாது என்பதுதான் அந்தப் பொய். அதில் அன்பைத் தவிர வேறு எதுவும் கிடையாது. அந்த அன்பை அப்படியே எண்ணாக்கி டாக்டரிடம் கொடுத்தவள் ரமணி.]

கிள்ளான் பேருந்து நிலையத்தில் காசு போட்டுப் பேசும் டெலிபோன் இருந்தது. ரமணி அய்யாவு அண்ணனை அழைத்தாள். லோரி ஓட்டுபவர், ஆப்பரேஷன் செய்யாத கூட்டத்தில் ஒருவர்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த மூணு வாரம் நெசமாவே ஓட்ஸ்தான் சாப்பிட்டீங்களா?”

அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. “ஓட்ஸா? அத எங்க வீட்டுக் கோழிக்குப் போட்டேன் லா. அதுவே திங்கல. ரொட்டி சானாய் நாலு அடிச்சிட்டுத்தான் ஒன்கிட்ட தாளப் படிப்பேன். ஏன்மா, ஏதாச்சும் பிரச்சனையா?”

“இல்லண்ணே.”

“நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்ணே.”

ஆக, அறுத்துக்கொண்டவர்கள் தாளைவிடக் குறைவாகச் சாப்பிட்டார்கள். அறுத்துக்கொள்ளாதவர்கள் தாளைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். காகிதத்தில் இருவரும் சமம். சீனி இறங்கியது குடலாலா, பட்டினியாலா? யாருக்கும் தெரியாது. தெரியாது என்பது அந்த நிமிடத்தில் ரமணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

5

திங்கட்கிழமைக்கு என்னிடம் மூன்று வடிவம் இருக்கிறது.

(அ) ரமணி சொல்கிறாள். டாக்டர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, ஆப்பரேஷனை நிறுத்துகிறார். ஆராய்ச்சி குப்பைக்கூடைக்குப் போகிறது. தங்கமணியின் புண் கறுத்து, விரல், பாதம், முழங்கால் என்று—

[உண்மை பேசிய ரமணியைக் குற்றவாளி ஆக்குகிற வடிவம். அவளுக்குச் சௌகரியமானது. அதனால் சந்தேகிக்கிறேன்.]

(ஆ) ரமணி சொல்கிறாள். டாக்டர், “தெரியும் பிள்ளை, நானும் தமிழன்தானே. ரெண்டு பக்கமும் ஒரே பொய் சொல்லியிருந்தால் கழிஞ்சுபோகும்,” என்கிறார். கழியாதே டாக்டர், ஒரு பக்கம் கூட்டிச் சொன்னது, ஒரு பக்கம் குறைத்துச் சொன்னது என்று அவள் சொல்ல, அவர் யோசித்து—

[இந்த டாக்டர் என் கற்பனை. எல்லாம் தெரிந்த ஒருவர் மேலே இருக்க வேண்டும் என்ற ஆசை.]

(இ) நடந்தது. ரமணி காலையிலேயே அவர் அறைக்குள் போனாள். கிள்ளானிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. முகம் அதைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். டாக்டர் தலை நிமிர்ந்து, அன்றைக்கென்று பார்த்து, வழக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

“என்ன பிள்ளை, வாடிப்போயிருக்கிறாய். சாப்பிட்டாச்சே?”

“ஆச்சு டாக்டர்.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு, ‘சாப்பிட்டதாக எல்லாரும் பொய் சொல்லியிருக்கிறார்கள் டாக்டர்’ என்று எந்த வாயால் சொல்வது? நின்றாள். கையெழுத்து வாங்கிய படிவத்தை மேசையில் வைத்தாள். வெளியே வந்தாள். அவ்வளவுதான். ஒரு மனுஷி ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லாமல் விட இவ்வளவு சின்னக் காரணம் போதுமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

6

இந்தப் பகுதியை எழுதாமல் விடலாம் என்று இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை தங்கமணி அக்கா மருத்துவமனையில் சேர்ந்தார். ரமணி படிவங்களோடு போனபோது கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, ரமணியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“டாக்டர் இங்கிலீஷ்ல என்னென்னமோ சொல்றாரு, எனக்குப் பாதி வெளங்கல. நீ நம்ம புள்ள, நீ சொல்லு. அந்தக் கிள்ளான் அக்காவுக்கு, நல்லா சாப்பிட்டும் சீனி எறங்கிடுச்சாமே? நெசந்தானா?”

ரமணி—

[ஏழு தடவை எழுதி ஏழு தடவை அடித்த வாக்கியம். எட்டாவது தடவையாக, அடிக்காமல்:]

“டாக்டர் சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்,” என்றாள் ரமணி.

தங்கமணி அக்கா கையை விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

7

ஆப்பரேஷன் முடிந்த ஏழாம் நாள் சீனி இறங்கியது. இரண்டு மாதத்தில் புண் ஆறியது. டாக்டர் முதன்முறையாகச் சிரித்ததை ரமணி பார்த்தாள். பல்வரிசை அழகாக இருந்தது.

அந்த ஆண்டே கோலாலம்பூரில் நடந்த ஒரு மருத்துவ மாநாட்டில் டாக்டர் கட்டுரை வாசித்தார். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, “அவர்கள் உண்மையில் சாப்பிட்டார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். “என் செயலாளர் ஒவ்வொருவரையும் தினமும் கேட்டார்,” என்றார் டாக்டர். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரமணிக்குச் சிலர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்கள். அவளும் தலையசைத்தாள். அடுத்த மாதம் வேலையை விட்டாள். பங்சாரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் சேர்ந்தாள்.

இனிமேல்தான் எனக்குத் தலை சுற்றுகிறது. தொண்ணூற்றைந்தில் மெல்பர்னிலிருந்து டாக்டரின் கடிதம். மகளோடு போய்விட்டிருந்தார். வெளிநாட்டு மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்து இதையே எழுதியிருக்கிறார்களாம்: எடை குறைவதற்கு முன்பே, சில நாளிலேயே, சீனி இறங்கிவிடுகிறது, காரணம் குடலில் இருக்கலாம். ஆங்கிலக் கடிதத்தின் கடைசியில் தமிழில் இரண்டு வரி: ‘நான் சொன்னது சரி, பிள்ளை. உன்னுடைய நாலாவது கட்டம் இல்லாவிட்டால் எனக்குத் துணிவு வந்திராது.’

பொய்யான எண், சரியான விடை. ரமணி சொல்லியிருந்தால் தங்கமணிக்குக் கால் போயிருக்கலாம். சொல்லாததால் கால் இருக்கிறது. அப்படியானால் அவள் செய்தது தப்பா, நல்லதா? சந்தோஷப்படு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வரவில்லை.

ஏன் என்றால் தொண்ணூற்று மூன்றில் ஒரு தீபாவளி நெருக்கத்தில் தங்கமணி அக்காவை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் பார்த்தேன். இரண்டு காலிலும் செருப்பு. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் முகம். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, என்னைவிட முப்பது வயது மூத்தவர்போல. மகள்கள் இருவரும் கடை வாசலில் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கையில் வெந்நீர்க் குவளை. மகள் ஒரு வாய் ஊட்டப் போனாள். அவர் வாங்கி மென்று, இரண்டு நிமிடம் கழித்து, சந்துப் பக்கம் வேகமாக நடந்து போனார். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் சேலை அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

[கவனித்தீர்களா? ‘நான்’ வந்துவிட்டது. ரமணியை எங்கோ விட்டுவிட்டேன். திருத்தப் போவதில்லை.]

தன் வயிற்றை என்ன காரணத்துக்காகக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாது. ‘நல்லா சாப்பிட்டும்’ என்ற வார்த்தையை நம்பிக் கொடுத்தார். தெரிந்திருந்தாலும் கொடுத்திருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் அவர். அந்த முடிவை நான் எடுத்துவிட்டேன்.

8

இன்று 1998, ஒரு சனிக்கிழமை. முடிவை நானாக எழுதக் கூடாது, அவரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. எண் மாறவில்லை. வாய் தவறும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி, டெலிபோன் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன்: ‘அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும். அந்தக் கிள்ளான் அக்கா சாப்பிடவே இல்ல. நான் சொல்லல.’ நாலு மூலைக்கும் டேப் போட்டு முடித்த பிறகுதான், என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

“அலோ, யாரு?”

“அக்கா, ரமணி பேசறேன். டாக்டர் வல்லிபுரத்துக்கிட்ட இருந்தேனே.”

“அடி ரமணி! எங்கடி போயிட்ட இத்தனை வருஷமா? நல்லா இருக்கியா? மூத்தவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நான் நல்லா இருக்கேன், கால்லாம் நல்லா இருக்கு.”

தாளைப் பார்த்தேன். முதல் சொல் ‘அக்கா’. சொன்னேன். அடுத்த சொல் ‘அன்னைக்கு’. அதற்குப் பதிலாக வாயில் வந்தது இது:

“சாப்பிட்டீங்களாக்கா?”

அந்தப் பக்கம் ஒரு குவளையை மேசைமேல் வைக்கிற ஓசை கேட்டது.

“சாப்பிட்டேன்மா,” என்றார். “நீ சாப்பிட்டியா?”

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். ஒரு பதில் எனக்குப் பழக்கமானது. அதைச் சொன்னால் கல்யாணப் பேச்சு, பிள்ளைகள் பேச்சு, வையட்டுமா என்று நல்லபடியாக முடிந்துவிடும். இன்னொரு பதிலும் இருக்கிறது, ஒரே ஒரு ‘இல்ல’. அதைச் சொல்லிவிட்டால் தாளில் இருக்கிற மீதியும் பின்னாலேயே வந்துவிடும். கேட்டபின் அவர் அழலாம், ஏசலாம், போனை வைத்துவிடலாம், போகட்டும் விடு என்றும் சொல்லலாம். நாலாவது கட்டத்தை இத்தனை பேருக்கு நிரப்பியவள் நான். எனக்கு நானே நிரப்பினால் இனி யாரும் நம்பக் கூடாது. பென்சிலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

தங்கமணி அக்கா லைனில் காத்திருக்கிறார். மணி இரண்டு. நான் இன்னும் சாப்பிடவில்லை.